இன்ஜெக்ஷன் மோட்டார் சைக்கிளுக்குக் காபரேட்டர் தெரிவு செய்யும்போது

கல்முனையில் நான் வேலை செய்யும் கராச்சுக்கு இன்ஜெக்ஷன் வண்டியை (ஈசியூ எனும் சிறு கணினி பெற்றோலை அளந்து பீச்சவிடும் வண்டியை) கொண்டுவந்து, அதைக் காபரேட்டருக்கு (காற்றின் உறிஞ்சலாலேயே பெற்றோலைக் கலக்கும் பழைய கருவிக்கு) மாற்றித் தருமாறு கேட்பவர்களில் பெரும்பாலானோர் ஆசைக்காகக் கேட்பதில்லை. டாங்கிக்குள் இருக்கும் பம்ப் இயங்க மறுக்கிறது, அல்லது ஈசியூவுக்குள் தண்ணீர் போய்விட்டது, புதியது வாங்கக் கையில் காசில்லை என்பதே அவர்களுடைய காரணம். இலங்கையின் 2022 எரிபொருள் நெருக்கடியில் கான்களிலும் போத்தல்களிலும் வாரக்கணக்கில் கிடந்த பெற்றோலை ஊற்றி ஓடிய வண்டிகள் சிலவற்றில் பம்பின் வடியும் இன்ஜெக்டரும் பிசின் பிடித்திருந்ததை நானே கழற்றிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும், மாற்றுவதென்று முடிவெடுப்பதற்கு முன் திறப்பைப் போட்டதும் டாங்கிக்குள் இரண்டு மூன்று வினாடிகள் பம்ப் இரைகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். இரையாவிட்டால் பற்றரி, பியூஸ், ரிலே, பம்பின் சொக்கெட் என்ற ஒழுங்கில் சோதித்துப் பாருங்கள். பம்ப் போய்விட்டதென்று சொல்லி வந்த வண்டிகளில், பச்சை பூத்த ஒரு சொக்கெட்டைத் துடைத்ததோடு வேலை முடிந்தவையும் உண்டு.

காபரேட்டர்தான் வேண்டும் என்று உறுதியான பிறகும், முதலில் பார்க்க வேண்டியது காபரேட்டரை அல்ல, பெற்றோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க்கை. இன்ஜெக்ஷன் வண்டியில் பெற்றோலை அளந்து கொடுக்கும் அதே ஈசியூதான் ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. எக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே போகும் காற்றின் அழுத்தம் என்ன என்பவற்றை அறிவிக்கும் சென்சர்கள், எஞ்சினுக்குக் காற்றை விடும் திரொட்டில் பொடியில் இருப்பதால், காபரேட்டருக்காக அதைக் கழற்றியதும் ஈசியூ பாதி குருடாகிவிடும். சில வண்டிகளில் அதற்குப் பிறகும் ஸ்பார்க் வரும், ஆனால் அது வேகத்துக்கேற்ப முன்னேறாமல் ஓரிடத்தில் நின்றுவிடும். வேறு சிலவற்றில் ஸ்பார்க்கே வராது. ஈசியூ செத்துப்போன வண்டிக்குக் காபரேட்டர் மட்டும் வாங்கிப் பூட்டுவதில் பயனில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அத்தகைய வண்டிக்கு, அதே எஞ்சினின் காபரேட்டர் மொடலில் வரும் சீடிஐ (ஸ்பார்க்கை மட்டும் இயக்கும் பெட்டி) தேவைப்படும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் மக்னெற்றோ சக்கரத்தின் வெளிவிளிம்பில் சிறு சிறு பற்கள் வரிசையாக இருக்கும். காபரேட்டர் மொடல்களில் அநேகமாக ஒரேயொரு நீண்ட மேடுதான் இருக்கும். ஒரு மேட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட சீடிஐக்குப் பல பற்களின் சிக்னலைக் கொடுத்தால், அது கண்ட இடத்திலெல்லாம் ஸ்பார்க் விடும். ஆகவே மக்னெற்றோ சக்கரம், பிக்கப் (மேட்டை உணர்ந்து சிக்னல் தரும் சுருள்), சீடிஐ, காபரேட்டர், இன்ரேக் மெனிபோல்ட் (காபரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் குழாய்) ஆகிய ஐந்தையும், முடிந்தால் பாவித்த ஒரே வண்டியிலிருந்து எடுத்த தொகுதியாக வாங்குங்கள். வாங்கும்போது கிராங்க் தண்டின் கூம்பும் சாவிக் குழியும் அந்தச் சக்கரத்துக்குப் பொருந்துகின்றனவா என்று வைத்துப் பாருங்கள். அப்படி ஒரு காபரேட்டர் மொடலே வெளிவராத வண்டியாக இருந்தால், மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு பம்பைத் தேடுவதே மலிவு என்பது என் அபிப்பிராயம்.

இனிக் காபரேட்டரின் அளவு. திரொட்டில் பொடியின் வாயை அளந்து, அதே விட்டமுள்ள காபரேட்டரை வாங்குவதுதான் நான் அதிகம் காணும் பிழை. இன்ஜெக்டர் பெற்றோலை அழுத்தத்தோடு பீச்சுகிறது. வாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. காபரேட்டரில் பெற்றோலை மேலே இழுப்பது அதன் ஒடுங்கிய தொண்டை வழியே பாயும் காற்றின் வேகம் ஒன்றுதான். தொண்டை அகன்றால் குறைந்த ஓட்டத்தில் காற்று சோம்பிவிடும். சந்தியில் நின்று எடுக்கும்போது எஞ்சின் இருமி அணையும்.

அளவைக் கணக்கிடப் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவை லீற்றரில் எடுத்து, உச்ச வலு கிடைக்கும் நிமிடச் சுழற்சி எண்ணால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, 0.65 முதல் 0.9 வரையான ஓர் எண்ணால் பெருக்கினால் தொண்டையின் விட்டம் மில்லிமீற்றரில் கிடைக்கும். யமஹா எப்இசட் வண்டியின் இரண்டாம் பதிப்பில் (வி2) வந்த 149 சீசீ இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு உச்ச வலு 8000 சுழற்சியில் கிடைக்கிறது, 0.149ஐ 8000ஆல் பெருக்க 1192, அதன் வர்க்கமூலம் 34.5. அன்றாடப் பாவனைக்கு 0.75ஐ எடுத்தால் விடை ஏறக்குறைய 26. இதற்கு முந்திய, 153 சீசீ எப்இசட் 16 வண்டியில் கம்பனியே பூட்டியனுப்பியது மிக்குனி பிஎஸ் 26 என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கணக்கை நம்பலாம் என்பது விளங்கும். 125 சீசீ எஞ்சினுக்கு அதே வழியில் 24 அளவில் வரும். 0.9 என்பது பந்தயக்காரருக்குரிய எண். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் வண்டிக்கு அது வேண்டாம். ஒருமுறை உரிமையாளரின் பிடிவாதத்துக்கு இணங்கி 150 சீசீ வண்டியொன்றுக்கு 30 மில்லிமீற்றர் காபரேட்டரைப் பூட்டிக் கொடுத்தேன். வெறும் வீதியில் அது பறந்தது. கல்முனைச் சந்தை நெரிசலுக்குள் பத்து அடிக்கொரு தடவை நின்றது. மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தது.

வகையைப் பொறுத்தவரை, கேபிள் நேராகக் காபரேட்டரின் பிஸ்டனை (தொண்டையைத் திறந்து மூடும் உருளையை) தூக்கும் மிக்குனி விஎம் போன்றவையும், கேபிள் வண்ணத்துப்பூச்சி வால்வை மட்டும் திறக்க, எஞ்சினின் உறிஞ்சலே டயபிரம் எனும் ரப்பர்த் தோல் மூலம் பிஸ்டனைத் தூக்கும் சீவீ வகையும் உண்டு. இன்ஜெக்ஷன் வண்டிக்குப் பழகிய கை எக்ஸிலேட்டரை வெடுக்கென்று முறுக்கும். சீவீ அதைப் பொறுத்துக்கொள்ளும், விஎம் பொறுக்காது. டயபிரம் கிழிந்தால் சீவீ படுத்துவிடும் என்பது உண்மை. இருந்தாலும் வீதியில் ஓடும் வண்டிக்கு நான் சீவீயையே சொல்வேன்.

கடையில் காபரேட்டரைக் கையில் எடுத்ததும் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். வேர்ணியரை (நுண்ணளவுக் கருவியை) வைத்துத் தொண்டையை அளந்து பாருங்கள். 26 என்று பொறித்திருந்த ஒன்று 24ஐத்தான் காட்டியதை நான் கண்டிருக்கிறேன். கடைக்காரர் அதற்குப் பிறகு வேர்ணியரைக் கண்டாலே முகத்தைத் திருப்புவார். சீவீயாக இருந்தால் பிஸ்டனை விரலால் மேலே தூக்கி, அதன் அடியிலுள்ள உறிஞ்சல் துளையை மற்ற விரலால் அடைத்துக்கொண்டு விடுங்கள்: டயபிரம் நல்லதென்றால் அது மெதுவாக இறங்கும், தொப்பென்று விழுந்தால் எங்கோ ஓட்டை. பாவித்த காபரேட்டரில் பெற்றோல் தேங்கும் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் வெள்ளைத் தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கல்லடி, பாசிக்குடா போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றில் கிடந்தவற்றில் அது சாதாரணம். உலோகத்தையே அரித்திருந்தால் எவ்வளவு கழுவினாலும் சிறு துவாரங்கள் மீண்டும் அடைபடும்.

மெனிபோல்ட்டில் ஒரு கவனம் வேண்டும். பழைய மெனிபோல்ட்டையே வைத்துக்கொள்ள நேர்ந்தால், இன்ஜெக்டர் இருந்த துளையை அலுமினியக் கட்டையும் ஓரிங் எனும் ரப்பர் வளையமும் வைத்து இறுக்கமாக மூடுங்கள். எம்சீல் பசை பூசியது வெப்பத்தில் கழன்று காற்று புகுந்தால், ஐட்லிங் தானாக ஏறி எஞ்சின் கொதிக்கும். காபரேட்டரின் கிண்ணம் மட்டமாக நிற்க வேண்டும்; சரிந்து நின்றால் பெற்றோல் மட்டத்தைக் காக்கும் புளோட் (மிதவை) பொய் சொல்லும்.

டாங்கியிலிருந்து பம்பைக் கட்டாயம் அகற்றுங்கள். அது ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் தள்ளும். காபரேட்டரின் ஊசிவால்வோ டாங்கியின் உயரம் தரும் சிறு அழுத்தத்துக்கு மட்டும் செய்யப்பட்டது. பம்பை விட்டுவைத்தால் பெற்றோல் வழிந்து சூடான எஞ்சின்மேல் ஊற்றும், வண்டி எரியும். பம்பின் துளைக்கு 4 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு வெட்டி, வடியோடு கூடிய, பெற்றோலைத் திறந்து மூடும் டெப் ஒன்றைப் பொருத்தி, பழைய ரப்பர் வளையத்தையே சீலாகப் பாவிக்கலாம். பிறகு குழாயைக் காபரேட்டரின் மட்டத்தில் ஒரு போத்தலுக்குள் பிடித்துத் திறந்து பாருங்கள். 150 சீசீ வண்டிக்கு நிமிடத்துக்கு 150 மில்லிலீற்றராவது வர வேண்டும். அவ்வளவு வராவிட்டால் டாங்கி மூடியின் காற்றுத் துளையைத் துப்பரவு செய்யுங்கள்.

ஏர்கிளீனர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடி பூட்டுவது பார்க்க அழகுதான். ஆனால் அறுவடைக் காலத்தில் அம்பாறை வயல்வீதிகளில் பறக்கும் உமித்தூசியும், கார்த்திகை மார்கழி மழையும் நேரே எஞ்சினுக்குள் போகும். பெட்டியை விட்டுவையுங்கள், ரப்பர் குழாயை மட்டும் புதிய வாய்க்கு ஏற்ப மாற்றினால் போதும்.

பெற்றோலை அளந்துவிடும் சிறு துளைத் திருகுகளான ஜெட்டுகளைப் பொறுத்தவரை, காபரேட்டர் எந்த வண்டியில் வந்ததோ அந்த அளவிலேயே தொடங்குங்கள். எக்ஸிலேட்டரின் முதல் காற்பங்குக்குப் பைலட் ஜெட், நடுவுக்குப் பிஸ்டனில் தொங்கும் நீடில் எனும் ஊசி, கடைசிக் காற்பங்குக்கு மெயின் ஜெட் பொறுப்பு. எந்த இடத்தில் குறை தெரிகிறதோ அதற்குரியதை மட்டும் மாற்ற வேண்டும். கலவைத் திருகு எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே சுழற்றப் பெற்றோல் கூடும், ஏர்கிளீனர் பக்கம் இருந்தால் குறையும். மெயின் ஜெட்டைச் சோதிக்கச் செங்கலடியைத் தாண்டிக் கரடியனாற்றுப் பக்கம் ஆளில்லாத நேரத்தில் மூன்றாம் கியரில் முழுதாக முறுக்கிச் சிறிது தூரம் ஓட்டி, கிளச்சைப் பிடித்தபடி எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியின் நிறத்தைப் பாருங்கள்: வெளிர் மண்ணிறம் சரி, கரி என்றால் ஜெட் பெரிது, சுண்ணாம்பு வெள்ளை என்றால் ஜெட் சிறிது, அப்படியே ஓட்டினால் எஞ்சினின் பிஸ்டன் போகும். அதே வீதியால் பதுளைக்கு ஏறி நுவரெலியாவரை போகிறவர்கள், அங்கே 1800 மீற்றருக்கு மேல் காற்று மெலிந்து கலவை தடிப்பதை (பெற்றோல் மிகுவதை) உணர்வார்கள். நீடிலில் படிகள் இருந்தால் கிளிப்பை ஒரு படி மேலே போட்டுச் செல்லலாம், இறங்கியதும் மறக்காமல் திருப்பிப் போட வேண்டும்.

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை இருப்பதால், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கலவைத் திருகை, பெற்றோல் குறையும் பக்கமாக, ஐட்லிங் சீராக நிற்கும் எல்லைவரை சுழற்றிவிட்டுப் போங்கள். கழற்றிய திரொட்டில் பொடி, ஈசியூ, வயரிங் ஆகியவற்றை விற்றுவிடாமல், சொக்கெட்டுகளுக்குப் பொலித்தீன் சுற்றி உலர்ந்த பெட்டியொன்றில் வையுங்கள். பம்ப் பிறகு மலிவாகக் கிடைத்தால் பழையபடி பூட்ட அவை வேண்டும்.