ஹவானாவில் கேமரா: முதலில் ஏசியைக் கவனியுங்கள்

கியூபாவின் தலைநகரான ஹவானாவுக்குக் கிளம்புகிறவர்கள் எந்த லென்ஸ் எடுத்துப் போகலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். 35 மி.மீ. ஒன்றே போதும், பழைய ஹவானாவின் தெருக்கள் அவ்வளவு குறுகல். அதைவிட முக்கியமான கேள்வி, ராத்திரி கேமராவை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பது.

மே முதல் அக்டோபர் வரை அங்கே மழைக்காலம், காற்றில் ஈரம் சொதசொதவென்று இருக்கும். விடிய விடிய ஏசியில் குளிர்ந்த கேமராவைக் காலையில் தெருவுக்குக் கொண்டு வந்ததுமே லென்ஸில் ஈரம் படிந்து வெளுத்துப்போகும். கை உடனே சட்டை நுனிக்குத்தான் போகும். வேண்டாம். கண்ணாடி குளிர்ந்திருக்கும் வரை ஈரம் திரும்பத் திரும்பப் படியத்தான் செய்யும், துணியில் ஒட்டியிருக்கும் தூசி லென்ஸைக் கீறுவதுதான் மிச்சம். இன்னொன்று, அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள், சென்சார் வரைக்கும் ஈரம் போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். அறைக்குள் இருக்கும்போதே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, அப்படியே வெளியே கொண்டுபோய் அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். நீர்த்துளி பைக்கு வெளியேதான் கோத்துக்கொள்ளும். தொட்டுப் பார்த்தால் சில்லிப்பு போயிருக்க வேண்டும், அப்புறம் திறக்கலாம். காஸா பர்டிகுலார் என்கிற வீட்டு விடுதியில் தங்கினால் இன்னும் சுலபம், ஏசி இல்லாத கூடத்தில் கேமராவை வைக்க முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். கடலோரமாகப் பல கிலோமீட்டர் நீளும் மலேகோன் சாலை வடக்கே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. காலையில் படகேறி விரிகுடாவின் அக்கரைக்குப் போனால் கிழக்கு வெயில் உங்கள் முதுகுப்பக்கமிருந்து நகரத்தின் மேல் விழும். சாயங்காலம் இக்கரையில் நின்றால் அதே மாதிரி எல் மோரோ கோட்டையின் சுவர் பொன்னிறமாகத் தெரியும். மத்தியானத்தில் தெருவின் ஒரு பக்கம் கண்ணைக் கூசும், எதிர்ப்பக்கம் இருட்டு. ஆளை நிழலில் நிறுத்துங்கள், எதிர்ச்சுவரின் மஞ்சளோ நீலமோ முகத்தில் மெதுவாக விழும். ஐம்பதுகளின் செவ்ரோலே கார்களை எடுக்கும்போது போலரைசர் ஃபில்டரைத் திருகிப் பாருங்கள், பானெட்டில் அடிக்கும் வெள்ளைப் பளபளப்பு அடங்கி, அடியில் இருக்கும் பெயின்ட் நிறம் வெளியே வரும் (அதில் பல வண்டிகளில் என்ஜின் வேறு எங்கிருந்தோ வந்தது, அது படத்தில் தெரியப்போவதில்லை). மத்தியான மழை வந்தால் ஓடி ஒளியாதீர்கள், நின்றதும் கல் பாவிய சதுக்கங்கள் கண்ணாடியாகிவிடும்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று அடிக்கும் நாட்களில் மலேகோன் சுவரைத் தாண்டி அலை எகிறும். படம் பிரமாதமாக வரும், கேமராவுக்குத்தான் ஆபத்து. முன்னால் ஒரு சாதாரண யுவி ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள், சாரல் படாத தூரத்தில் நில்லுங்கள், அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவைத் துடையுங்கள். உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான்.

ஆட்களை எடுக்கும் முன் ஸ்பானிஷில் "புவேதோ?" (எடுக்கலாமா?) என்று கேட்டாலே போதும், பெரும்பாலும் சிரிப்புதான் பதில். பூ வைத்து, சுருட்டு கடித்துச் சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு அது தொழில், காசு கொடுத்துவிட்டு எடுங்கள். போலீஸ், ராணுவம் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அனுமதி இல்லாமல் கொண்டு போனால் சுங்கத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். மின்வெட்டு சகஜம் என்பதால் கரன்ட் இருக்கும்போதே பேட்டரியை ஏற்றிவிடுங்கள், உபரி மெமரி கார்டும் கையோடு இருக்கட்டும், அங்கே தேடி வாங்குவது கஷ்டம்.

ஊர் திரும்பியதும் பையை அப்படியே பரணில் ஏற்றாதீர்கள், ஈரத்தோடு மூடிக் கிடந்தால்தான் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காற்றாட வைத்துவிட்டு, புது சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.