ஓட்டோ மீன் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, அம்மோனியாவும் இல்லை, ஆனாலும் பாசி தின்னும் குட்டி மீனான ஓட்டோசிங்க்ளஸ் (சுருக்கமாக ஓட்டோ) மட்டும் ஒவ்வொன்றாகச் சாகிறது. புதியவர்களிடம் ஓயாமல் கேட்கும் புலம்பல் இது. குளோரின் போக்காமல் தண்ணீர் மாற்றுவது போன்றவை எல்லா மீனுக்கும் பொது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

புதுத் தொட்டியில் விடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். தொட்டி வைத்த சில வாரங்களில் கண்ணாடியில் பழுப்புப் பாசி படியும். உடனே ஓடிப்போய் ஓட்டோ வாங்கிவிடுகிறார்கள். தெரிந்த ஒருவர் அப்படித்தான் ஆறு விட்டார். அவையும் ஆசையாகத் தின்றன, கண்ணாடி பளிச்சென்று ஆனது, அவருக்கு ஒரே பெருமை. சரி, அப்புறம் எதைத் தின்பது? மேலே மிதந்த செதில் உணவை (ஃப்ளேக்) அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெலிந்ததை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றினார். ஒன்றும் மிஞ்சவில்லை.

விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை தென் அமெரிக்க ஆறுகளில் பிடிபட்டவை. பிடித்ததிலிருந்து நம் கைக்கு வரும்வரை பாதிப் பட்டினிதான். 4 செ.மீ. உடம்பில் சேமிப்பு என்று என்ன இருக்கும்? கல், இலை, மரக்கட்டை மேல் விரலால் தடவினால் வழுக்குமே, பாசியும் நுண்ணுயிரும் கலந்த அந்தப் படலம்தான் இதன் சாப்பாடு. அது சேர மாதக்கணக்காகும். நைட்ரஜன் சுழற்சி (மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா தொட்டியில் வளர்வது) முடிந்ததை வைத்துத் தொட்டி முதிர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குறைந்தது மூன்று மாதம் பொறுங்கள். பின்பக்கக் கண்ணாடியைத் தேய்க்கவே வேண்டாம்.

வயிற்றைப் பார்க்காமல் வாங்குவது

கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிறு நன்றாகத் தெரியும். உருண்டு இருந்தால் வாங்கலாம். உள்வாங்கியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஒன்றே ஒன்று வாங்குவது

கூட்ட மீன். குறைந்தது ஆறு மீன் வேண்டும்.

கரும்பாசிக்கு மருந்தாக நம்புவது

அந்தப் பாசியை ஓட்டோ தொடாது.

காயைப் போட்டு மறப்பது

லேசாக வேகவைத்த வெள்ளரித் துண்டு நல்லது. முதல் சில நாள் சீண்டாது, விடாமல் போட்டுப் பழக்க வேண்டும். இரவில் போட்டால் காலையில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் கெடும்.

காற்றை விழுங்கினால் பதறுவது

இது உணவுப்பாதை வழியாகவும் சுவாசிக்கக்கூடிய மீன். எப்போதாவது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்று விழுங்கினால் கவலையில்லை. அடிக்கடி என்றால் ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். முதலில் ஃபில்டர் நீரால் மேற்பரப்பைக் கலக்கிவிட்டுப் பாருங்கள். செம்பு கலந்த மருந்துப் புட்டி பக்கம் மட்டும் கை போக வேண்டாம்.