கமிஷன் கணக்கும் குழு சேர்ப்பும்: புதிய காப்பீட்டு முகவருக்கு ஒரு செய்முறை

காப்பீட்டு முகவராகச் சேரப் போகிறவர் காதில் முதலில் விழுவது ஒரு சதவீதம்தான். "எங்களிடம் 60", "அங்கே போனால் 80" என்பார்கள். எதன் மேல் அந்த 60, எப்போது கைக்கு வரும், எந்தச் சூழ்நிலையில் திருப்பிக் கேட்பார்கள் என்பதெல்லாம் தெரியாமல் அந்த எண்ணுக்குப் பெரிய மதிப்பு இல்லை. குழு சேர்க்கும் பேச்சு, அதாவது உங்களுக்குக் கீழே வேறு முகவர்களைச் சேர்க்கும் பேச்சு வரும்போது இதே கணக்குதான் கொஞ்சம் சிக்கலாகத் திரும்பி வரும். அதனால் முதலில் கமிஷன், அப்புறம் குழு என்ற வரிசையில் போவோம். உதாரணங்களில் ஒரு பாலிசியின் வருடப் பிரீமியம் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி.

படி 1: கமிஷன் அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள்

வாய்ப்பேச்சில் சொல்லும் சதவீதம் பெரும்பாலும் அதிகக் கமிஷன் தரும் ஒரு பாலிசிக்கானது. டேர்ம் (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமான ஆயுள் காப்பீடு), முழு ஆயுள், மருத்துவம், வாகனம் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விகிதம் இருக்கும். ஆயுள் காப்பீட்டில் முதலாண்டு கமிஷன் பெரிது, அடுத்த ஆண்டுகளில் வரும் ரினியூவல் கமிஷன் சிறிது. வாகனம், வீடு போன்றவற்றில் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். சில நாடுகளில் இதற்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2020 முதல் ஆயுள் காப்பீட்டுக்கு முதலாண்டில் 60 சதவீதம், பின்வரும் ஆண்டுகளில் 20 சதவீதம்தான் எல்லை.

அட்டவணை கையில் வந்ததும் ரினியூவல் எத்தனை ஆண்டுகள் வரும் என்று பாருங்கள். புதியவர்கள் கண் எப்போதும் முதலாண்டு கட்டத்திலேயே நிற்கும். ஐந்தாவது வருடத்தில் உங்கள் வீட்டு வாடகையைக் கட்டப்போவது பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் அந்தச் சின்ன எண்தான்.

படி 2: பணம் முன்கூட்டி வருகிறதா, கட்டக் கட்ட வருகிறதா?

ரொம்பப் பேர் சறுக்கும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் விகிதம் 60 சதவீதம் என்றால் 1,000 பிரீமியத்துக்கு முதலாண்டு கமிஷன் 600. வாடிக்கையாளர் மாதத் தவணையில் கட்டுகிறார் என்றால் ஒவ்வொரு தவணைக்கும் நீங்கள் உண்மையில் சம்பாதிப்பது 50. ஆனால் பல இடங்களில் அட்வான்ஸ் தருவார்கள். 75 சதவீத அட்வான்ஸ் என்றால், பாலிசி தொடங்கியவுடனே 450 உங்கள் கணக்கில் விழும். ஒன்பது மாத உழைப்பின் பலன் ஒரே நாளில்! மீதி 150 பத்தாம் மாதத்திலிருந்து வரும்.

வாடிக்கையாளர் மூன்று தவணை கட்டிவிட்டு நிறுத்திவிட்டார் என்று வையுங்கள். நீங்கள் சம்பாதித்தது 150, வாங்கியது 450. மீதி 300-ஐ நிறுவனம் திரும்பப் பிடிக்கும். இதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர், சிலர் கிளாபேக் என்பார்கள். பத்து பாலிசி விற்று மூன்று இப்படிப் போனால் 900 கடன். அடுத்த மாதம் நீங்கள் விற்கும் பாலிசியின் கமிஷன் அந்தக் கடனுக்கே போகும். ஆகவே அட்வான்ஸைச் சம்பளமாக நினைக்காதீர்கள், அது கடன். முடிந்தால் வரும் அட்வான்ஸில் மூன்றில் ஒரு பங்கை ஒரு வருடம் தொடாமல் தனியாக வையுங்கள்.

ஒப்பந்தத்தில் சார்ஜ்பேக் காலம் எவ்வளவு என்று தேடுங்கள். முதல் வருடத்தோடு முடிவதும் உண்டு, இரண்டு வருடம் வரை நீள்வதும் உண்டு. பாலிசிகள் எத்தனை நிலைத்து நிற்கின்றன என்பதை நிறுவனங்கள் பெர்சிஸ்டென்சி என்ற விகிதமாகக் கணக்கிடும். முதலில் பார்ப்பது 13-ஆவது மாதக் கணக்கை. முதல் வருடம் முடிந்தும் கட்டுகிறாரா என்பதுதான் கேள்வி.

படி 3: உங்களுக்கு மேலே யார், எவ்வளவு எடுக்கிறார்?

நிறுவனம் ஒரு பாலிசிக்கு மொத்தம் 90 சதவீதம் தருவதாக வைப்போம். அதில் உங்கள் மேலாளர் 75-இல் இருக்கிறார், நீங்கள் 60-இல். உங்கள் விற்பனையில் உங்களுக்கு 600, அவருக்கு 150, அவருக்கும் மேலே இருப்பவருக்கு 150. இந்த இடைவெளிப் பணம்தான் ஓவர்ரைடு.

மேலே இருப்பவர் எடுப்பது தவறு இல்லை. பயிற்சி தருகிறார், வாடிக்கையாளர் பட்டியல் தருகிறார், முதல் சந்திப்புக்கு உங்களோடு வருகிறார் என்றால் அந்த 150 நியாயமான கூலி. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் மட்டும் அனுப்புகிறவருக்கும் அதே 150 போகிறதா என்று பாருங்கள். பட்டியலை இலவசமாகத் தந்துவிட்டு விகிதத்தை 40-ஆகக் குறைத்தாலும் சில சமயம் லாபமே. பட்டியலுக்கு நீங்கள் செலவழிக்கும் பணத்தைக் கழித்துப் பார்த்தால் தெரியும்.

படி 4: குழு சேர்ப்பதற்கு முன் ஒரு கூட்டல் கழித்தல்

சேர்ந்த மாதமே "ஆள் சேர்த்தால் உட்கார்ந்த இடத்தில் வருமானம்" என்று சொல்லப்படும். சரி, கணக்குப் பார்ப்போம். நீங்கள் 60, நீங்கள் சேர்த்தவர் 50. அவர் விற்கும் ஒரு பாலிசியில் உங்களுக்கு 100. நீங்களே ஒன்று விற்றால் 600. ஆக, உங்களுடைய ஒரு விற்பனைக்கு ஈடாக அவர் ஆறு விற்க வேண்டும். அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் நீங்கள் விற்காமல் விட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் யாரும் முன்வந்து சொல்ல மாட்டார்கள். அவர் நன்றாக விற்று 60-க்கு உயர்ந்தால் உங்கள் இடைவெளி பூஜ்யம். ஒப்பந்தத்தில் அதற்குத் தனியாக ஏதும் ஏற்பாடு இல்லையென்றால் வருமானம் நின்றுவிடும். மறுபக்கம், அவருடைய பாலிசி காலாவதியானால் உங்கள் ஓவர்ரைடும் திரும்பப் போகும். அவர் சார்ஜ்பேக் கடனோடு காணாமல் போனால், அந்தக் கடன் மேலே இருப்பவர் தலையில் விழும்படியும் சில ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அந்த வரியைக் கண்டிப்பாகத் தேடிப் படியுங்கள்.

என் கருத்து: உங்கள் சொந்தப் பாலிசிகள் 13-ஆவது மாதத்தைத் தாண்டும்வரை யாரையும் சேர்க்க வேண்டாம். அதுவரை அவருக்குக் கற்றுத்தர உங்களிடம் முழுசாக ஒன்றும் இருக்காது.

படி 5: சட்டம் எங்கே கோடு போடுகிறது?

ஆளைச் சேர்த்ததற்காகவே காசு, பாலிசி விற்பனையோடு தொடர்பே இல்லை என்றால் அது பிரமிடு பக்கம், அதாவது புதிதாகச் சேருகிறவர்களின் பணத்திலேயே ஓடும் மோசடித் திட்டத்தின் பக்கம் சாய்கிறது. அமெரிக்காவின் எஃப்டிசி (வணிக முறைகேடுகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) 1979-இல், ஆள் சேர்த்துப் பொருள் விற்கும் ஆம்வே நிறுவனத்தின் வழக்கில் பார்த்த அளவுகோல்களில் இதுவும் ஒன்று. இந்தியா இன்னும் கடுமை: 2015 திருத்தத்துக்குப் பிறகு காப்பீட்டுச் சட்டத்தின் 42ஏ பிரிவு பல அடுக்கு விற்பனை முறையில் காப்பீடு விற்பதையே தடை செய்கிறது. அதே சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி கமிஷனில் ஒரு பங்கை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதும் குற்றம். அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். எந்த நாட்டில் வேலை செய்கிறீர்களோ அங்கே குழு அமைப்பு அனுமதிக்கப்பட்டதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். உரிமம் கிடைக்காதவரை ஒருவரை விற்பனைக்கு அனுப்பவே கூடாது.

படி 6: சேர்க்கும் பேச்சை எப்படி நடத்துவது?

உங்களுடைய நல்ல மாதத்தின் கமிஷன் ரசீதைக் காட்டி ஆசை மூட்டாதீர்கள். மோசமான மாதத்தையும், சார்ஜ்பேக் பிடித்த ரசீதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் "சேருகிறேன்" என்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர். அவரிடம் கேளுங்கள்: சில மாதம் வருமானம் இல்லாமல் சமாளிக்க முடியுமா? உறவினரும் நண்பரும் தீர்ந்த பிறகு யாரிடம் போவீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாதவரைச் சேர்த்தால், அவருடைய சொந்தக்காரர்களுக்குப் பாலிசி விற்றுவிட்டு அவரைக் கைவிட்டதாகத்தான் முடியும்.

சேர்வதற்கு அவரிடம் உங்கள் பைக்குக் காசு வாங்காதீர்கள். தேர்வு, உரிமக் கட்டணம் இருந்தால் அதை அவரே நேரடியாகக் கட்டட்டும்.

படி 7: முதல் சில வாரங்கள் கூடவே போங்கள்

தொடக்கத்தில் நீங்கள் பேசுங்கள், அவர் கவனிக்கட்டும். அப்புறம் அவர் பேசட்டும், நீங்கள் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். இதுதான் கஷ்டம். ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: இந்தப் பிரீமியத்தை இந்தக் குடும்பத்தால் அடுத்த வருடமும் கட்ட முடியுமா? முடியாது என்று தோன்றினால் தொகையைக் குறைத்து எழுதச் சொல்லுங்கள்.

படி 8: வெளியேறும் வழியைச் சேரும்போதே படியுங்கள்

நிறுவனத்தை விட்டுப் போனால் ரினியூவல் கமிஷன் தொடர்ந்து வருமா, எத்தனை வருடம் இருந்தால் அது உங்களுக்கு உறுதியாகும், வேறு மேலாளரிடம் மாற யாருடைய ஒப்புதல் வேண்டும், உங்களுக்குப் பின் குடும்பத்துக்கு அந்த வருமானம் போகுமா? இந்த நான்குக்கும் பதிலை ஒப்பந்தத்தில் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். கோடிட இடமே கிடைக்கவில்லை என்றால், கையெழுத்துப் போடும் முன் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.