பீத்தோவன் ஃப்ரீதான், அந்தப் பக்கம் ஃப்ரீயா?

பழைய ஷீட் மியூசிக்கை, அதாவது அச்சிட்ட இசைக் குறிப்புகளை, ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் புதியவர்கள் சிலருக்குக் கோப்புகளைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். யார் வந்தாலும் அதே கோளாறுகள், பாதி நானும் தொடக்கத்தில் செய்தவைதான். புதுப் புத்தகத்தை அப்படியே ஏற்றக் கூடாது, உயிரோடு இருப்பவரின் இசையைத் தொடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தலைப்புப் பக்கத்தை வெட்டி எறிவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. அட்டை கிழிந்திருக்கிறது என்று ஸ்கேன் செய்யாமல் விடுவார்கள். முதல் பக்கத்தில் ஏதோ ஜெர்மன் எழுத்து, அதுவும் வேண்டாம். அப்புறம் ஓரங்களை ஒட்ட வெட்டி, கறையை அழித்து, பளிச்சென்று ஒரு பிடிஎஃப். கேட்டால், "அவர் 1827லயே போயிட்டாரே சார், என்ன பிரச்சினை?"

பீத்தோவனால் பிரச்சினை இல்லை. அந்தப் பக்கத்தில் அவரைத் தவிர வேறு யார் கை பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. பியானோ தேர்வு எழுதிய பலரும் பார்த்திருக்கக்கூடிய பீத்தோவன் சொனாட்டா பதிப்பு ஒன்றை, பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் 1931இல் வெளியிட்டது. அதில் விளக்கக் குறிப்புகள் டொனால்ட் டோவியுடையவை. அவர் இறந்தது 1940. பதிப்பாசிரியர் ஹரால்ட் கிராக்ஸ்டன். அவர் இறந்தது 1971. இந்தியச் சட்டப்படி பதிப்புரிமைக்கு, இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் கணக்கு. டோவியின் பங்கு 2000ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. கிராக்ஸ்டனின் பங்குக்கு 2031 முடியும்வரை உரிமை கோர இடமிருக்கிறது.

அதே சொனாட்டாக்களை லைப்சிக் நகரத்து பிரைட்கோப் பதிப்பகம் 1860களில் வெளியிட்டது. அதற்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஓரம் வெட்டிய ஸ்கேனில் எது எந்தப் பதிப்பு என்று காட்டுவதற்கு என்ன இருக்கிறது? தலைப்புப் பக்கமும், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் தகட்டு எண்ணும்தான். அந்தக் காலத்தில் இசையை உலோகத் தகட்டில் செதுக்கி அச்சடித்தார்கள். பதிப்பகம் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓர் எண் கொடுத்தது. பிரைட்கோப் பதிப்பில் 'பதெத்தீக்' சொனாட்டாவின் எண் பி. 131. அந்த எண் கையில் இருந்தால் வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த இளம் பியானோ ஆசிரியர் ஒருவர் இதே சொனாட்டாவை ஏற்றினார். ஒரு பதிப்பகத்தின் பெயரில் புகார் வந்தது. எந்தப் பதிப்பு என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. புத்தகம் இரவல் வாங்கியது. கொடுத்தவர் ஊரையே மாற்றிவிட்டார். பக்கம் பக்கமாகத் தேடியதில் ஓரிடத்தில் மட்டும் கத்திக்குத் தப்பி 'பி. 13' என்று பாதி எண் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு பழைய பதிப்போடு வரி வரியாக ஒப்பிட்டோம். பிரைட்கோப்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குள் அந்தத் தளம் அவருடைய கணக்கையே முடக்கிவிட்டது. மற்ற கோப்புகளும் அதோடு போயின.

அட்டையில் இருக்கும் ஆண்டை மட்டும் நம்புவதும் ஆபத்துதான். டோவர் நிறுவனம் 1975இல் வெளியிட்ட பீத்தோவன் சொனாட்டாக்களின் உள்ளே இருப்பது ஹைன்ரிக் ஷென்கரின் பழைய பதிப்பு. ஷென்கர் இறந்தது 1935. அதில் புதிதாகச் சேர்ந்தது கார்ல் ஷாக்டரின் முன்னுரை. அதை ஏற்றாமல் விடலாம், ஸ்கேன் செய்யாமல் விடாதீர்கள். முன்னட்டை முதல் பின்னட்டை வரை எடுத்து வைத்துக்கொண்டு, எதை ஏற்றுவது என்பதை அப்புறம் யோசியுங்கள்.

"ஐஎம்எஸ்எல்பி-யில் இருக்கிறதே!"

இருக்கும். பழைய ஸ்கோர்களை இலவசமாகத் தரும் அந்த இணைய நூலகம் கனடாச் சட்டப்படி இயங்கிவந்தது. ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள் என்பது அங்கே கணக்காக இருந்தது, ஐரோப்பாவில் 70. இந்த வித்தியாசத்தால்தான் 2007 அக்டோபரில் வியன்னாவின் யுனிவர்சல் எடிஷன் பதிப்பகம் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப, தளம் மூடப்பட்டு 2008 நடுவில்தான் திரும்ப வந்தது. கனடாவும் 2022 முடிவில் 70க்கு மாறிவிட்டது. அதற்கு முன்பே உரிமையிலிருந்து விடுபட்டவை விடுபட்டவைதான். 1945இல் இறந்த ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்த்தோக், கனடாவில் 1996இலும் இந்தியாவில் 2006இலும் ஐரோப்பாவில் 2016இலும் விடுபட்டார். அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கு வெளியான ஆண்டுதான் கணக்கு என்பதால், அவருடைய கடைசிக் காலப் படைப்புகள் சில அங்கே இன்னும் உரிமைக்குள் இருக்கின்றன.

திரும்ப டைப்செட் செய்தால் தப்பலாம் என்பது

இசைக் குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் நீங்களே அடித்திருக்கலாம். எதைப் பார்த்து அடித்தீர்கள்? புதிய பதிப்பைப் பார்த்து அடித்தால் பதிப்பாசிரியர் சேர்த்தவையும் கூடவே வந்துவிடும். 1726இல் இறந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் லலாந்தின் இசைக்கு லயனல் சாக்கின்ஸ் தயாரித்த பதிப்புக்குப் பதிப்புரிமை உண்டு என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. வழக்கில் தோற்றது ஹைப்பீரியன் ரெக்கார்ட்ஸ் என்ற ஒலிப்பதிவு நிறுவனம்.

ஒலிப்பதிவு

அது தனி உரிமை.

கீர்த்தனை நோட்டேஷன்

இங்கும் அதே கதைதான். தியாகராஜர் 1847இல் மறைந்தார், சரி. அந்த நோட்டேஷனை எழுதியவர் யார்? சுப்பராம தீட்சிதர் 1904இல் அச்சிட்டது என்றால் தாராளமாகப் போடுங்கள். அண்மைக்கால வித்வான் எழுதியது என்றால் கொஞ்சம் நில்லுங்கள். 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்கள் இந்தியாவில் 2033 முடியும்வரை உரிமைக்குள்தான்.

நோட்டீஸ் வந்ததும் பதறி அழிப்பது

நோட்டீஸும் தவறாக இருக்கலாம். 2011 ஏப்ரலில் பிரிட்டனின் இசைப் பதிப்பாளர் சங்கம் ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் 'த பெல்ஸ்' ஸ்கோருக்காகப் புகார் அனுப்ப, ஐஎம்எஸ்எல்பி-யின் டொமைனே முடங்கியது. அந்த ஸ்கோர் ஐரோப்பாவில் அப்போது உரிமைக்குள் இருந்தது. கனடாவிலும் அமெரிக்காவிலும் இல்லை. புகாரைச் சங்கமே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே முதலில் பதில் எழுதுங்கள்: பதிப்பகம், ஆண்டு, தகட்டு எண், பதிப்பாசிரியர் இறந்த ஆண்டு. தலைப்புப் பக்கத்தின் ஸ்கேனையும் கூடவே இணையுங்கள்.