ஹோஸ்டா வாங்கும் முன் இலையின் தடிமனைப் பாருங்கள்
நிழலில் இலை அழகுக்காக வளர்க்கும் ஹோஸ்டா செடியில் புது ரகம் தேடுகிறவர்கள் நிறத்தை மட்டும் பார்த்து மயங்கிவிடாமல் இலை எவ்வளவு தடிமன் என்றும் பாருங்கள், ஏனென்றால் மெல்லிய இலையைத்தான் நத்தைகள் முதலில் சல்லடையாக்கும். ‘ஹால்சியன்’, அதிலிருந்தே திரிபாக வந்த ‘ஜூன்’ (2001-ல் ஆண்டின் சிறந்த ஹோஸ்டா), தொட்டிக்கு ஏற்ற குட்டி ‘ப்ளூ மவுஸ் இயர்ஸ்’ மூன்றுமே நல்ல கெட்டி இலை. என் ஓட்டு ‘ஜூன்’ பக்கம். நீல ரகங்களின் நீலம் இலைமேல் படிந்த மெழுகுப் பூச்சுதான். கடும் வெயிலில் அது கரைந்து வெறும் பச்சையாகிவிடும், அதனால் காலை வெயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாசனைப் பூ வேண்டுமா, ‘குவாகமோலி’ எடுங்கள், கொஞ்சம் வெயிலும் தாங்கும். அப்புறம், குளிர்காலமே இல்லாத ஊரில் ஹோஸ்டாவுக்கு உறக்கம் கிடைக்காமல் வருடாவருடம் சிறுத்துக்கொண்டே போகும். அங்கே வண்ண இலைச் செடியான கலாடியம் வைப்பதே மேல்.