பழைய கார் ஆயில் குடிக்கிறதா? என்ஜினைப் பிரிக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய மாருதி 800-ஐயோ, ஜென்னையோ, சான்ட்ரோவையோ ஷெட்டில் நிறுத்தி "அண்ணே, ஆயில் குறையுது" என்று சொல்லிப் பாருங்கள். பானட்டைத் திறப்பதற்கு முன்பே "என்ஜின் வேலை வந்துடுச்சு தம்பி" என்று பதில் வந்துவிடும். சில சமயம் அது சரிதான். பல சமயம் என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கோ, விரல் நீள வால்வு ஒன்றோதான் காரணமாக இருக்கும். எது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு துணி, ஒரு நோட்டு, ஒரு பழைய அட்டைப்பெட்டி, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

கீழே இருப்பது பெட்ரோல் காரை மனதில் வைத்து எழுதியது. டீசல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

படி 1: எவ்வளவு குறைகிறது என்று அளந்து பாருங்கள்

"அடிக்கடி ஊத்த வேண்டியிருக்கு" என்பதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி குறைகிறது என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் செய்யும் செலவெல்லாம் குருட்டுச் செலவு.

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், சமதரையில் நிறுத்திவைத்து ஆயில் கேஜ் குச்சியை உருவுங்கள். துணியால் துடைத்து, மறுபடி முழுக்க உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். குச்சியின் இரண்டு பக்கத்திலும் அளவு வேறு வேறாகத் தெரிந்தால் குறைவான பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் கோடு வரை ஆயில் ஊற்றி, மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துவையுங்கள். பிறகு வாரம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில் பாருங்கள். ஊற்றும்போதெல்லாம் அளவு போட்ட பாட்டிலில் இருந்து ஊற்றி, எத்தனை மில்லி என்று எழுதிவையுங்கள். 1,000 கிலோமீட்டர் முடிந்ததும் மறுபடி மேல் கோடு வரை நிரப்பி, மொத்தத்தைக் கூட்டினால் கணக்கு வந்துவிடும்.

மேல் கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. "குறையுதே, கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று ஊற்றுபவர்கள் நிறையப் பேர். கூடுதலாக இருக்கும் ஆயிலை கிராங்க் (பிஸ்டன்களால் சுழலும் தண்டு) அடித்து நுரையாக்கும். அது பிரீதர் (என்ஜின் மூச்சுவிடும் குழாய்) வழியே ஏறி, ஏர் ஃபில்டர் பக்கம் போய், அங்கிருந்து என்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரியும். ஆயில் குடிக்காத என்ஜினைக்கூட இப்படிக் குடிக்க வைக்கலாம்.

இன்னொரு விஷயம். ஊருக்குள் மட்டும் ஓட்டும்போது ஆயில் குறையவே இல்லை, மதுரை போய்வந்ததும் திடீரென்று இறங்கிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். சின்னச் சின்னத் தூரம் ஓடும்போது என்ஜின் நன்றாகச் சூடேறாமல் கொஞ்சம் பெட்ரோல் ஆயிலோடு கலந்து மட்டத்தைத் தாங்கி நிற்கும். நெடுஞ்சாலையில் அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போனதும் உண்மையான மட்டம் தெரியவரும். ஆகவே ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓடிய 1,000 கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

என் கணக்கு இது: 1,000 கிலோமீட்டருக்கு 300 மில்லிக்குள் என்றால், பழைய என்ஜினுக்கு அதைப் பற்றிக் கவலைப்பட எதுவும் இல்லை. 500 மில்லியை நெருங்கினால் கீழே சொல்லும் சின்ன வேலைகளைச் செய்து பார்க்கலாம். ஒரு லிட்டர் வரை போகலாம் என்று சில கார்களின் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். ஆனால் மாருதி 800 மாதிரி என்ஜினில் இருப்பதே சுமார் 3 லிட்டர்தான். அதில் ஒரு லிட்டர் போனால் மூன்றில் ஒரு பங்கு காலி.

டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். பழைய கார்களில் அது ஆயில் மட்டத்தைக் காட்டும் விளக்கு அல்ல. அழுத்தத்தைக் காட்டும் விளக்கு. ஓடும்போது அது எரிகிறது என்றால், பேரிங்குக்குப் போதுமான ஆயில் போகவில்லை என்று அர்த்தம். அந்த இடத்திலேயே ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிட வேண்டும். "பக்கத்துல பங்க் வரைக்கும்" என்ற பேச்சே கிடையாது.

படி 2: ஒழுகுகிறதா, எரிகிறதா?

ஆயில் போக இரண்டு வழிதான்: வெளியே ஒழுக வேண்டும், இல்லை உள்ளே எரிய வேண்டும். ஒழுகலைச் சரிசெய்வது செலவு குறைந்த வேலை என்பதால் அதை முதலில் பாருங்கள்.

இரவில் என்ஜினுக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து, முன்சக்கரம் இருக்கும் இடத்தை அதில் குறித்துவையுங்கள். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் ஓரளவு இடம் பிடிபடும். சில ஒழுகல்கள் வண்டி ஓடும்போது மட்டும் வரும் என்பதால், அட்டை சுத்தமாக இருந்தாலும் பானட்டைத் திறந்து பாருங்கள்.

மேலிருந்து கீழே தேடுவதுதான் முறை. ஆயில் வழிந்து இறங்கும். கீழே ஈரமாக இருக்கும் இடம் ஒழுகும் இடமாக இருக்க வேண்டியதில்லை. முதலில் டேப்பட் கவர் பேக்கிங். பழைய வண்டிகளில் ரப்பர் வெந்து கெட்டியாகியிருக்கும். கவர் போல்ட்டை இறுக்கி இறுக்கி ஒழுகலை நிறுத்தப் பார்க்காதீர்கள், கவர் வளைந்துபோகும், பேக்கிங்கை மாற்றுங்கள். அதன்பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் அதன் ஓ-ரிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், சேம்பர் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பேக்கிங், ட்ரெயின் போல்ட் வாஷர். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் கிராங்கின் பின்பக்க ஆயில் சீலாக இருக்கலாம். சீல் விலை சொற்பம், ஆனால் கியர்பாக்ஸை இறக்கினால்தான் மாற்ற முடியும். கிளட்ச் மாற்றும் வேலை வரும்போது சேர்த்துச் செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

எல்லா இடமும் எண்ணெயாக இருந்தால், என்ஜின் ஆறியிருக்கும்போது டிகிரீசர் தெளித்துத் துடைத்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டி மறுபடி பாருங்கள். புது ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பளிச்சென்று தெரியும்.

படி 3: பிசிவி வால்வு

எல்லோரும் தாண்டிப் போகிற இடம் இது. பிஸ்டனைத் தாண்டி சேம்பருக்குள் கசியும் வாயுவை மறுபடி இன்டேக் (என்ஜினுக்குள் காற்று போகும் வழி) பக்கம் அனுப்பி எரிப்பதற்காக டேப்பட் கவரிலோ அதன் பக்கத்திலோ ஒரு சின்ன வால்வு இருக்கும். அது கரி பிடித்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலில்கூட ஆயில் கசிய ஆரம்பிக்கும். திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஆயில் ஆவி அளவுக்கு மீறி இன்டேக்குக்குள் இழுபடும்.

வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள். பல வண்டிகளில் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் கார்ப் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யலாம். விலை குறைவு என்பதால் புதிதாகவே போட்டுவிடுங்கள் என்பேன். ஹோஸ் பைப்பிலும் விரிசலோ அடைப்போ இருக்கிறதா பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் நனைந்திருந்தால், மெக்கானிக்குகள் 'ஆயில் த்ரோ' என்று சொல்வது அதைத்தான். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் வால்வு இல்லாமல் வெறும் பிரீதர் பைப் மட்டும் இருக்கலாம். அதில் அடைப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

புது வால்வு போட்டபிறகு படி 1-ஐ மறுபடி செய்யுங்கள். கணக்கு பாதியாகக் குறைந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டிய தேவையே இருக்காது.

படி 4: புகையைக் கவனியுங்கள்

உங்களால் ஓட்டிக்கொண்டே புகையைப் பார்க்க முடியாது. நண்பர் ஒருவரைப் பின்னால் வேறு வண்டியில் வரச் சொல்லுங்கள். ஆயில் எரிந்தால் நீலம் கலந்த புகை, காட்டமான வாடை. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். குளிர்ந்த காலையில் வரும் வெள்ளை ஆவி சும்மா தண்ணீர். ஆனால் என்ஜின் சூடானபிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் பேக்கிங் (என்ஜின் பிளாக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டும் சேரும் இடத்தில் இருப்பது) சந்தேகம். அது வேறு கதை, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீலப் புகை எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு வீச்சு வந்து, பிறகு தெளிந்துவிட்டால் வால்வு சீல், அதாவது வால்வு தண்டு வழியே ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் ரப்பர், தேய்ந்திருக்கிறது. சிக்னலில் ரொம்ப நேரம் நின்று கிளம்பும்போது வந்தாலும் அதேதான். இதற்கு மலையிறக்கத்தைவிட நல்ல சோதனை இல்லை. ஏற்காட்டில் இருந்து இறங்கும்போது கியரிலேயே, ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து இறங்குங்கள். அப்போது இன்டேக்கில் வெற்றிடம் அதிகமாகி, தேய்ந்த வால்வு சீல் வழியே ஆயிலை உறிஞ்சும். கொண்டை ஊசி வளைவு திரும்பி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை கிளம்பினால் கிட்டத்தட்ட உறுதி.

மாறாக, ஏற்றத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு அழுத்தி ஓட்டும்போது தொடர்ந்து புகை வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் பக்கம் கோளாறு. என்ஜின் ஓடும்போது கேஜ் குச்சியை உருவினாலோ ஆயில் மூடியைத் திறந்தாலோ 'புஸ் புஸ்' என்று பலமாகப் புகை அடித்தால் அதற்கு இன்னொரு சாட்சி.

புகையே கண்ணுக்குத் தெரியாமலும் வண்டி ஆயில் குடிக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள கார்களில் அது புகையின் ஒரு பகுதியை எரித்து மறைத்துவிடும். அந்த ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் நாளடைவில் கன்வெர்ட்டரையே கெடுத்துவிடும் என்பதால், "புகை இல்லையே" என்று நிம்மதியாக இருக்க முடியாது.

படி 5: பிளக், கம்ப்ரஷன்

என்ஜின் ஆறியபின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி அடுக்குங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். ஒன்று மட்டும் கறுத்து, ஈரப் பிசுக்காக இருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில் என்று தெரிந்துவிடும்.

சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். என்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லாப் பிளக்கும் கழன்றிருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுக்க மிதித்திருக்க வேண்டும். ஒரு சிலிண்டரில் குறைவாகக் காட்டினால், அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங்கோ, போரோ (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது; ஏறவில்லை என்றால் வால்வு சரியாக உட்காராததோ, ஹெட் பேக்கிங்கோ காரணம்.

இதில் ஒரு பொறி உண்டு. வால்வு சீல் தேய்மானம் இந்தச் சோதனையில் தெரியவே தெரியாது. பிஸ்டனில் மேலே இருக்கும் இரண்டு ரிங்குகள்தான் கம்ப்ரஷனைத் தாங்குகின்றன. மூன்றாவதான ஆயில் ரிங் கரி பிடித்துச் சிக்கிக்கொண்டாலும் மீட்டர் நல்ல எண்ணையே காட்டும். "கம்ப்ரஷன் சூப்பரா இருக்கு, அப்புறம் எப்படி ஆயில் போகுது?" என்று குழம்புபவர்கள் பலரும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

படி 6: எந்த ஆயில்?

உங்கள் கையேடு ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடை அனுமதித்தால், வெயில் ஊருக்கு அதில் ஒரு படி கெட்டியானதைத் தேர்ந்தெடுக்கலாம். 10டபிள்யூ-30 ஊற்றிய பழைய என்ஜினுக்கு 10டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40. புதிய வடிவமைப்பு என்ஜின்களில், குறிப்பாக வால்வு டைமிங் ஆயில் அழுத்தத்தில் மாறும் வகைகளில், இந்த விளையாட்டு வேண்டாம். பைக் ஆயிலை அவசரத்துக்குக்கூடக் காருக்கு ஊற்றிப் பழகாதீர்கள்.

ஆயில் குடிக்கும் வண்டிக்கு ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைப்பது நல்லது. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நல்ல ஆயிலும் ஃபில்டரும் போட்டு வந்தால், லேசாகச் சிக்கிய ரிங்குகள் சில நேரம் மெல்ல விடுபடும். கடையில் விற்கும் 'புகை நிறுத்தும்' திரவங்களில் பல, ஆயிலைக் கெட்டியாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. விற்பதற்கு முன் வண்டியில் ஊற்றுவதுதான் அவற்றின் முக்கியப் பயன் என்று நினைக்கிறேன். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீசல் வைத்திருப்பவர்களுக்கு

டர்போ உள்ள டீசலில், டர்போவின் சீல் தேய்ந்தும் ஆயில் போகும். இன்டர்கூலர் பைப்பைக் கழற்றினால் உள்ளே லேசான ஈரம் இருப்பது சகஜம். ஆயில் தேங்கி நின்றால் ஆபத்து. அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு என்ஜின் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கலாம். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனுவல் கியர் என்றால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மிக உயர்ந்த கியரில் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட்டு என்ஜினைத் திணறடித்து அணைக்க வேண்டும். டர்போவில் ஆயில் கசிகிறது என்று தெரிந்தபின் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

படி 7: செலவு செய்யலாமா?

இப்போது படி 1-இன் நோட்டை எடுங்கள். வருடம் 6,000 கிலோமீட்டர் ஓடும் கார், 1,000-க்கு 500 மில்லி குடிக்கிறது என்றால் வருடத்துக்கு 3 லிட்டர். லிட்டர் 400 ரூபாய் என்று வைத்தால் 1,200 ரூபாய். இதற்காக என்ஜினை இறக்குவது வீண். பூட்டில் ஒரு லிட்டர் பாட்டிலைப் போட்டுவைத்து, வாரம் ஒருமுறை குச்சியைப் பாருங்கள்.

புகை வால்வு சீல் பக்கம் கையைக் காட்டினால் அதை மாற்றிவிடுங்கள். பிளக் ஓட்டை வழியே காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிக்கொண்டு, ஹெட்டை இறக்காமலேயே பல என்ஜின்களில் செய்ய முடியும். தெரிந்த மெக்கானிக்காகப் பாருங்கள்.

ரிங் வேலைதான் என்றால், "ரிங் மட்டும் மாத்திடலாம், கம்மியா முடிச்சிடலாம்" என்பதற்குத் தலையாட்டாதீர்கள். முதலில் போரை அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்து நீள்வட்டமான போரில் புது ரிங் உட்காராது. சில மாதத்தில் பழைய புகை திரும்பிவிடும். தேய்மானம் அளவு தாண்டியிருந்தால் போரைக் கடைந்து பெரிதாக்கி (போர் அடித்து) 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். தாண்டவில்லை என்றாலும் ஹோனிங் (போரின் சுவரை லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவது) அவசியம்.

இதைவிட மலிவு என்று சென்னை புதுப்பேட்டையில் பழைய என்ஜின் வாங்கிப் போடுபவர்களும் உண்டு. கம்ப்ரஷன் பார்க்காமல் வாங்காதீர்கள். கடையின் பில்லைக் கேட்டு வாங்குங்கள். என்ஜின் நம்பர் பிளாக்கில் குத்தியிருப்பதால், ஹாஃப் என்ஜின் (ஹெட் இல்லாமல் பிளாக் பகுதி மட்டும்) மாற்றினாலும் நம்பர் மாறும். அதை ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியில் ஏற்ற வேண்டும். 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது இன்ஸ்பெக்டர் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும்தான்.