நேம்சர்வர் பதிவுகள் ஒத்துப்போகாதபோது: என் அனுபவம்

ஹோஸ்டிங்கையும், தளம் எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் நேம்சர்வர்களையும் மாற்றிய பிறகு எங்கள் கடையின் தளம் சிலருக்குப் புதிதாகவும் சிலருக்குப் பழையதாகவும் தெரிந்தது. மெயிலும் பாதி பழைய சர்வருக்கே போனது. மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ நேரமாகும், காத்திருங்கள் என்றார்கள் சப்போர்ட்டில். டாட் காம் பெயர்களுக்குப் பொறுப்பான சர்வர்கள் தரும் என்எஸ் பதிவின் (தளத்தின் நேம்சர்வர்கள் எவை என்று சொல்வது) டிடிஎல் (அந்தப் பதிலை மற்றவர்கள் சேமித்து வைத்திருக்கக்கூடிய நேரம்) 1,72,800 விநாடி, அதாவது 2 நாள். அதையும் தாண்டி இழுத்தால் காத்திருப்பதில் பயனில்லை.

டெர்மினலில் டிக் (dig) கமாண்டை ட்ரேஸோடு (+trace) ஓட்டினேன்; மேலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் கிடைக்கும் பதிலை அது காட்டும். டாட் காம் சர்வர்கள் புதிய நேம்சர்வர்களைச் சரியாகவே காட்டின. அப்புறம் அந்தப் புதிய சர்வரிடமே நேராக என்எஸ் கேட்டேன். அது பழைய நிறுவனத்தின் பெயர்களைச் சொன்னது! ஸோன் ஃபைலை (தளத்தின் டிஎன்எஸ் பதிவுகள் எல்லாம் உள்ள கோப்பு) இம்போர்ட் செய்தபோது பழைய என்எஸ் வரிகளும் கூடவே வந்திருக்கின்றன. நமக்காக முகவரியைத் தேடித் தரும் ரிசால்வர்களில் பல, மேலே டாட் காம் சர்வர்களிடம் கிடைத்த பட்டியலைவிட ஸோனுக்குள் இருப்பதைத்தான் நம்பும். அதனால்தான் ஆளுக்கொரு பதில்.

டிஎன்எஸ் பேனலில் அந்த வரிகளை மாற்றி, ஸோன் மாறியிருக்கிறது என்று காட்டும் எஸ்ஓஏ சீரியல் எண்ணையும் கூட்டினேன். பழைய இடத்து ஸோனை மட்டும் உடனே அழித்துவிடாதீர்கள். அங்கேயும் புதிய என்எஸ், ஏ (தளத்தின் ஐபி முகவரி), எம்எக்ஸ் (மெயில் சர்வர்) பதிவுகளைப் போட்டு வைத்தால், கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) பழைய பெயர்களை வைத்திருப்பவர்களுக்கும் சரியான பதிலே போகும்.